எட்டடி உயரத்தில் உன் படம்

போன மாதம் ஒரு பெண் என் தையல் கடைக்கு வந்து, பையிலிருந்து ஒரு ஜிகினாச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். அக்குள் பக்கம் பிரிந்திருந்தது. "ரொம்பப் பழசும்மா, பார்த்துத் தைக்கணும்" என்றாள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் வாடை வந்துவிட்டது. ரோஸ் பவுடர், வியர்வை, ஜெனரேட்டர் புகை. இத்தனை வருடம் யாருடைய டிரங்குப் பெட்டிக்குள்ளோ கிடந்தும் போகாத வாடை. சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். முடிச்சை இரண்டு தரம் போட்டு இறுக்கியிருந்தது. என் கை. இடது தோளில், நீ எப்போதும் ஊக்குக் குத்துகிற இடத்தில், ஒரு துருக்கறை. உன் சட்டைதான்.

எதற்கு இது என்று கேட்டேன். கண்காட்சிக்கு என்றாள். சென்னையில் ஓவியம் படித்தவளாம். ஹோட்டலாக மாறிவிட்ட ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டில் ஒரு மாதம் நடக்கிறதாம். தொண்ணூறுகளில் நம் சீமையின் ராத்திரிகள் எப்படி இருந்தன என்று காட்டப் போகிறார்கள். ரெக்கார்டு டான்ஸ், பாட்டுக் கச்சேரி, கூம்பு ஒலிபெருக்கி, கலர் பல்பு சோடித்த தட்டி, எல்லாம் உண்டு.

"வெளிநாட்டுல ரேவ் பார்ட்டின்னு கொண்டாடுறாங்கல்லம்மா, விடிய விடிய ஆடுறது. நம்ம ஊர்ல அது எப்பவோ இருந்திருக்கு. எல்லாரும் சேர்ந்து ஆடியிருக்காங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எல்லாரும் எங்கே ஆடினார்கள்? நாம் ஆறு பேர் ஆடினோம், ஊர் உட்கார்ந்து பார்த்தது. சட்டையைத் தைத்துக் கொடுத்தேன். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

நாம் இருவரும் அந்த ரெக்கார்டு டான்ஸ் குழுவில் சேர்ந்தது ஒரே மாசி மாதத்தில். காரைக்குடி செக்காலையில் சைக்கிள் கடைக்கு மேலே முதலாளியின் மாடி அறை. நான் துணி தைக்க வந்தவள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் என்னைப் பின்வரிசையில் நிற்க வைத்தார்கள், அப்படியே நிறுத்திவிட்டார்கள். நீ வந்த அன்றைக்கே முன்வரிசை. டேப்பில் பாட்டு ஆரம்பித்ததும் உன் கால் தரையில் வேறுமாதிரி விழும். நாங்கள் ஐந்து பேரும் பாட்டுக்கு ஆடுவோம். நீ ஆடும்போது பாட்டு உனக்குப் பின்னால் வருவதுபோல இருக்கும். இதை உன்னிடம் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. பொறாமை.

முதலாளியிடம் ஓர் ஆல்பம் இருந்தது, நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பெரிய ஆல்பம். பங்குனி பிறந்தால் ஊர் ஊராகத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் படியேறி வருவார்கள். காபி சாப்பிடுவார்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார்கள். பிறகு ஒரு முகத்தின்மேல் விரலை ஊன்றி, "இந்தப் புள்ள கட்டாயம் வரணும்" என்பார்கள். எப்போதும் உன் முகம்தான். நாம் அதே அறையின் மூலையில் உட்கார்ந்து சலங்கைக்கு மணி கோத்துக்கொண்டிருப்போம். அவர்கள் நிமிர்ந்து பார்த்தால் ஆள் அங்கேயே இருக்கிறாள். ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அவர்கள் போனதும் நீ எழுந்துபோய் அந்தத் தாளை முந்தானையால் துடைப்பாய். "ஏடி செலினு, எத்தன வெரலுடி இதுல" என்று ஒரு நாள் கேட்டாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

போகிற ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்த கையோடு வண்டியேறிவிட வேண்டும். பள்ளிக்கூட வராந்தாவில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போகிறோம் என்று முதலாளி கெஞ்சினாலும் விட மாட்டார்கள். ஒரு ஊரில் கமிட்டித் தலைவர் வேனின் கதவைத் தானே திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "ஏறிருங்கப்பா. விடியங்காட்டி சாமி பொறப்பாடு இருக்கு. இந்தப் புள்ளைக மொகத்துல சாமி முழிக்கக் கூடாது." மரியாதையாகத்தான் சொன்னார், குரலைக்கூட உயர்த்தவில்லை. அவர்தான் அரைமணி நேரத்துக்கு முன்னால் முன்வரிசையிலிருந்து சீட்டு எழுதி அனுப்பி உன்னை அதே பாட்டுக்கு மூன்றாவது தடவை ஆடச் சொன்னவர். வேன் ஊர் எல்லையைத் தாண்டியதும் நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: "ராத்திரி பூராம் ஊரே முழிச்சுப் பாத்த மொகத்த சாமி மட்டும் பாக்கக் கூடாதாம்." நானென்றால் அந்தத் தலைவரை வண்டை வண்டையாகத் திட்டியிருப்பேன். நீ அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னுடைய அந்த அமைதி எனக்கு அப்போதே பிடிக்காது.

பிறகு உனக்குச் சம்பந்தம் வந்தது. சிவகங்கையில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பெண் நூல்மில்லில் வேலை பார்க்கிறாள் என்று உன் அம்மா சொல்லிவிட்டார்கள். உனக்கு இருந்த ஒரே பயம் அந்த ஆல்பம். இருவரும் மாடியேறிப் போனோம். நீ கேட்டதும் முதலாளி தாளைக் கிழித்துப் படத்தை உரித்துக் கொடுத்தார். "நல்லாரு தாயி" என்றார். என் வீட்டுக் கொல்லை அடுப்பில் வைத்து எரித்தோம். ஓரமெல்லாம் சுருண்டு கருகியும் முகம் மட்டும் எரியாமல் கிடந்தது. நீ சுள்ளியால் குத்திக் குத்தி எரித்தாய். "முடிஞ்சுச்சுடி" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எங்கே முடிந்தது? எரித்தது படத்தை. நெகட்டிவ் ஸ்டுடியோவில் இருந்தது. படம் எடுத்தவர் நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பதை எத்தனை தடவை நாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். உறையில் நம்பர் போட்டு அடுக்கிவைப்பதையும் பார்த்திருக்கிறோம். அப்படியிருந்தும் இரண்டு பேரில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. உனக்குக் கல்யாண மயக்கம். எனக்கு என்ன வந்தது? இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஸ்டுடியோக்காரரின் மகன் கடையைக் காலி செய்தபோது நெகட்டிவ் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் கண்காட்சிக்காரர்களிடம் கொடுத்திருக்கிறான்.

நான் போனேன். ஆத்தங்குடிக் கல் பதித்த அந்த முகப்பில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றேன். பாதிப் பேர் செருப்போடு போனார்கள். நம் காலத்தில் இந்த மாதிரி வீட்டு வாசலில் வேன் நின்றாலே "அங்குட்டுத் தள்ளி நிறுத்துங்க" என்று ஆள் வரும். இப்போது வாசலில் நின்ற பையன் எனக்குப் பன்னீர் சோடா கொடுத்து உள்ளே அனுப்பினான். உள்ளே வளவில், வானம் தெரிகிற முற்றத்தைப் பார்த்தாற்போல, சுவர் முழுக்க நீ.

எட்டடி உயரம் இருக்கும். ஒரு கை இடுப்பில், ஒரு கால் தூக்கியபடி. கேமராவைப் பார்க்காமல் எங்கோ பார்க்கிறாய். ஜிகினா மின்னுகிறது. கீழே சின்னதாக ஒரு அட்டை: 'பெயர் அறியப்படாத நடனக் கலைஞர், காரைக்குடி, 1990கள்.' கல்லூரிப் பிள்ளைகள் உனக்கு முன்னால் உன்னை மாதிரியே காலைத் தூக்கி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் உன் இடுப்பில் கை வைத்த மாதிரி நின்றான். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உன் சட்டை. நான் தைத்த தையல் தெரியாமல் இருந்தது. அந்த அளவுக்கு நன்றாகத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், முட்டாள்.

உனக்கு ஒன்று தெரியுமா? அங்கே நின்றபோது எனக்கு முதலில் வந்தது அவர்கள் மேல் கோபம் இல்லை. உன் மேல். உனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். என் மகன் என் இடுப்பில். உன் மகள் உன் விரலைப் பிடித்திருந்தாள். நான் சிரித்துக்கொண்டே கிட்டே வந்துவிட்டேன். உன் வீட்டுக்காரர் உன்னைப் பார்த்து, "யாரு, தெரிஞ்சவுகளா?" என்றார். "இல்லீங்க, யாரோ" என்றாய். நான் பிள்ளையை இறக்கிவிட்டு, குனிந்து அவன் செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றேன். பஸ் கிளம்பும்வரை குனிந்தே நின்றேன். காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் கோபம் வரக்கூடாது என்று யார் சொன்னது? ஒரு தட்டில் சாப்பிட்டவள் நான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ போய்விட்டாய் என்பதும் எனக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி பார்த்துத்தான் தெரியும். கண்ணாடி போட்டு, பட்டுச் சேலையில், யாரோ ஒரு டீச்சரம்மா மாதிரி இருந்தாய். துக்கத்துக்கு வந்தேன். யார் நீங்கள் என்று உன் மகள் கேட்டாள். அம்மாவுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த டெய்லர் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா அதிர்ந்துகூட நடக்க மாட்டாகளே" என்று அழுதாள். அதிர்ந்து நடக்காதவளாம். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். பார்த்தவர்கள் அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த மகள் இன்றைக்கு இந்த ஊரில்தான் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக. கண்காட்சிக்கு ஊரே போகிறது. அவளும் இரண்டு நாளிலோ மூன்று நாளிலோ வருவாள். எட்டடி உயரத்தில் அம்மாவைப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

கடைக்கு வந்த பெண்ணைத் தேடிப் பிடித்தேன். அந்தப் படத்தை எடுத்துவிடம்மா என்றேன். அவள் பதறிப்போனாள். "ஏம்மா, இது அவங்களைக் கௌரவப்படுத்தத்தான்மா" என்றாள்.

"அவ கேட்டாளா உங்க கௌரவத்த? உசுரோட இருந்தப்ப ஒரு வா தண்ணிக்குக் கொல்லப்பக்கம் வரச் சொன்னாக. இப்ப ஆளு இல்ல, பட்டுக் கம்பளம் விரிக்கிறீக. ஆட்டம் வேணும், ஆடுனவ வேணாம். அன்னைக்கும் அதான், இன்னைக்கும் அதான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்ட பெண் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் ஆத்திரம் தீரத் திட்டிவிட்டு வந்திருக்கலாம். "அப்போ அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? நீங்க உறவா? குடும்பத்துல ஒருத்தர் எழுதிக் கொடுத்தா உடனே எடுத்துடறோம். எங்களுக்கு அப்படி ஒரு விதி இருக்கு" என்றாள்.

குடும்பம் என்றால் உன் மகள். மகள் பார்க்கக் கூடாது என்று படத்தை எடுக்க வேண்டுமானால் மகளிடமே போய், அம்மா படம் அங்கே இருக்கிறது, எழுதிக் கொடு என்று கேட்க வேண்டும். எப்படி இருக்கிறது பார் விதி. நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். அத்தனை பவுடருக்கும் கண்மைக்கும் அடியில் யாராகவும் இருக்கலாம்.

"அது நாந்தேன்" என்றேன்.

அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நீ என்னைவிட அரையடி உயரம். "வயசானா ஆளு குறுகிரும்" என்றேன். அவள் நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள் என்பதுதான் உண்மை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பேட்டி வேண்டும் என்றாள். பேட்டியும் கிடையாது ஒன்றும் கிடையாது, எடு என்றேன். காகிதம் கொண்டுவந்தாள். செலின் என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் படம் இறங்கிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் நான் ஏன் இந்த மடலை எழுதப் போகிறேன். அவர்கள் அந்த இடத்தில் வேறு படம் மாட்டவில்லை. சுவரை வெறுமையாகவே விட்டு, கீழே புது அட்டை ஒன்று வைத்தார்கள்: 'கலைஞர் செலின், செக்காலை, தன் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.' வெறுஞ்சுவரும் கலையாம். அதற்கு முன்னால் நின்றும் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், எனக்குப் பின்னால் பேச்சு அடங்கியது.

என் மகனிடம் நான் டெய்லராகத்தான் அந்தக் குழுவில் இருந்தேன் என்று சொல்லி வைத்திருந்தேன். பின்வரிசையில் ஆடியதைச் சொன்னதில்லை. நீ மறைத்ததைத்தான் நானும் மறைத்தேன், உன்னை ஏசிக்கொண்டே. அவன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சாப்பிட உட்கார்ந்தவன், "எதுக்கும்மா இத்தன வருசம் எங்கிட்டப் பொய் சொன்னே?" என்றான். உனக்காக என்று சொல்ல முடியுமா? சொன்னால் நீ வெளியே வந்துவிடுவாயே. ரசம் ஊற்றினேன். மூன்று நாளாக அவன் என்னோடு பேசவில்லை. மருமகள் மட்டும் ஒரு நாள் அடுப்படியில் மெதுவாக, "நல்லா ஆடுவீகளா அத்தை?" என்று கேட்டாள்.

நேற்று மத்தியானம் ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். சிங்கம்புணரிப் பக்கம் ஊர். கையில் துணி எதுவும் இல்லை. பேப்பரில் பார்த்துவிட்டு வந்தேன் என்றார்.

"எங்கூருக்கு நீங்க ஆட வந்தீகக்கா. எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. பாட்டுப் பாதியில ஜெனரேட்டர் நின்னுபோச்சு. ஒரே இருட்டு. எளவட்டமெல்லாம் கத்துறானுக, கல்ல விட்டு எறியிறானுக. மத்த புள்ளைகள்லாம் வண்டிக்கு ஓடிருச்சுக. நீங்க மட்டும் எறங்கல. பாட்டும் இல்ல, லைட்டும் இல்ல. சலங்கச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. எங்க ஆத்தா பின்னாடி பொம்பளையாளுகளோட உக்காந்திருந்துச்சு. வீட்டுக்கு ஓடிப்போயி அரிக்கேன் வெளக்க எடுத்தாந்து மேடையில வச்சுச்சு. அதப் பாத்து ஒவ்வொரு பொம்பளையா வெளக்கெடுத்தாந்தாக. கல்லு நின்னுபோச்சு. அந்த வெளிச்சத்துல ஆடுனீகளேக்கா."

நான் மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.

"எங்க ஆத்தா அதுக்கு முந்தி அய்யாவக் கேக்காம வாசப்படி தாண்டாது. சாகுற வரைக்கும் உங்களப் பத்திப் பேசும். அந்தப் புள்ள நின்னுச்சுய்யா, அதான் நானும் எந்திரிச்சேன்னு சொல்லும்." என் நெற்றியைப் பார்த்தார். "ஒரு கல்லு புருவத்துல பட்டு ரத்தம் வந்துச்சே, தழும்பு இருக்காக்கா?"

உன் இடது புருவத்தில் இருந்தது அந்தத் தழும்பு. வேனில் வரும்போது என் பாவாடையைக் கிழித்து நான்தான் கட்டுப் போட்டேன். உன் மகளிடம் அதற்கு என்ன கதை சொல்லி வைத்திருந்தாயோ, மில்லில் அடிபட்டது என்று சொல்லியிருப்பாய். அன்றைக்குக் கல் விழ ஆரம்பித்ததும் முதலில் ஓடியவள் நான். வேனுக்குள் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு காதைப் பொத்தியிருந்தேன். அந்த விளக்குகளை நான் பார்க்கவே இல்லை. அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நீ அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை.

"ஆறிப்போச்சுய்யா" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை எடுத்துக் கும்பிட்டார். "எங்க ஆத்தா சார்பா" என்றார். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய?

நீ விரும்பியபடியே நடந்துவிட்டது. உன் மகள் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தாளாம், வெறுஞ்சுவரைப் பார்த்தாளாம். இனி இந்தச் சீமையில் நீ ஆடினாய் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் விளக்கு வைத்தது சீட்டுக்கு அடியில் கிடந்தவளுக்கு என்று ஆகிவிட்டது. உன்னை மறைத்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்த நானே கையெழுத்துப் போட்டு உன்னை இல்லாமல் செய்திருக்கிறேன். இதைச் செய்ய வைத்த உன் மேல் எனக்குக் கோபம் தீரவே தீராது, சொல்லிவிட்டேன்.

ஆனால் அவர் கும்பிட்டது உன்னை. அதை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்க எனக்கு வழியில்லை. எனக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. நேற்றிலிருந்து வைத்திருக்கிறேன்.